மண்ணும் கரையும்

ஐப்பசித் திங்கள். இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்ந்திருக்கிறது. சென்னையின் மேற்குப் பகுதியாகிய முகப்பேரில் தெருவோர வடிகால்கள் நிரம்பி ஓடுகின்றன. மேகத்திலிருந்து இறங்கியபொழுது அந்த நீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. வடிகாலில் ஓடும்பொழுதோ அது கலங்கிப் பழுப்பு நிறம் கொண்டிருக்கிறது. அந்நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து ஒரு நாழிகை அசையாமல் வைத்தால், அடியில் மண் படிந்து, மேலே தெளிநீர் நிற்பதைக் காணலாம். குவளையின் அடியில் தங்கிய அந்த மண் எங்கிருந்து வந்தது? வடிகாலோடு போகும் எஞ்சிய மண் எங்கே செல்கிறது?

முதல் வினாவிற்கு விடை எளிது. வீடு கட்டத் தோண்டிக் குவித்த மண்மேடு, புல்லும் பூண்டும் செதுக்கப்பட்ட வெற்று மனை, மரமிழந்த சாலையோரம் ஆகிய இடங்களில் விழுந்த மழை, ஆங்கிருந்த மண்ணைத் தன்னோடு வாரி வந்தது. இரண்டாம் வினாவிற்கு விடை காண வடிகாலைத் தொடர்ந்து செல்லுதல் வேண்டும். மண்ணில் ஒரு பகுதி வடிகாலிலேயே தங்கி அதனைத் தூர்த்துவிடுகிறது. அடுத்த மழையின்போது நீர் செல்ல வழியின்றித் தெருவிலே தேங்குகிறது. எஞ்சிய பகுதி, நொளம்பூரை அடுத்து ஓடும் கூவம் ஆற்றைச் சேர்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் என்னும் ஊரின் பெயரைத் தாங்கி வரும் அவ்வாறு, சென்னை நகரை ஊடறுத்துச் சென்று, நேப்பியர் பாலத்தின் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

முகப்பேரிலிருந்து கடற்கரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அச்சிறு தொலைவிற்குள் மண் அரிப்பு, கரை அரிப்பு என்னும் இரு பெருஞ்சிக்கல்களும் அடங்கியிருக்கின்றன. நிலத்திலே மண் நிற்க மறுக்கிறது. கடற்கரையிலே மணல் சில இடங்களில் மலைபோல் குவிய, சில இடங்களில் அடியோடு மறைகிறது. இவ்விரண்டின் காரணங்களையும், இவற்றைத் தடுக்க மக்கள் கண்ட வழிகளையும் அறிவது இன்றியமையாததாகும்.

மண் என்னும் செல்வம்

நிலத்தின் மேலே கிடக்கும் மண் முழுவதும் ஒரே தன்மையுடையது அன்று. மேற்பரப்பில் ஒரு சாண் அளவிற்குக் கிடக்கும் மேல்மண்ணே உயிருள்ள மண். இலையும் வேரும் மக்கிய சத்தும், மண்புழுவும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் வாழும் இடம் அதுவே. பயிர்கள் வேண்டும் உணவைப் பெரும்பாலும் அதனிடமிருந்தே பெறுகின்றன. அது போய்விட்டால் எஞ்சுவது கட்டாந்தரையே.

வெயிலிலும் மழையிலும் பாறை வெடித்து, வேர்களால் பிளவுண்டு, பொடிந்து, மக்கிய பொருளோடு கலந்து மண்ணாகிறது. இவ்வாறு ஓர் அங்குல மேல்மண் உண்டாவதற்குச் சில நூறு ஆண்டுகள் செல்லும். ஆனால் காப்பற்ற சரிவிலே சில பெருமழைகள் போதும், அந்த அங்குலத்தைக் கொண்டுபோய்விடும். முப்பாட்டனுக்கு முப்பாட்டன் காலத்திலிருந்து சேர்ந்த செல்வத்தைப் பேரன் ஒரு பருவத்தில் இழப்பது போன்றதே இது.

இவ்விழப்பின் அளவை 1983 ஆம் ஆண்டில் இந்திய அறிஞர் இருவர் கணக்கிட்டனர். நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 533 கோடி டன் மண் நீரால் அரிக்கப்படுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு ஹெக்டேர் நிலத்திற்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல் ஆகிறது. அவ்வாறு அரிக்கப்பட்ட மண்ணில் 100க்கு 61 பங்கு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்ந்து கிடக்கிறது. 10 பங்கு நீர்த்தேக்கங்களில் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. 29 பங்கு கடலை அடைந்து மீளாமற் போகிறது. உழவன் இழந்த மண், நகரத்தான் பருகும் நீரின் இடத்தையும் பறித்துக்கொள்கிறது என்பதனை இக்கணக்கு காட்டுகிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகளில் தூர் வாரும் பணி மீண்டும் மீண்டும் வேண்டப்படுவதன் காரணமும் இதுவே.

மழைத்துளி செய்யும் வேலை

மண் அரிப்பு வெள்ளத்தில்தான் தொடங்குகிறது என்று பலர் கருதுவர். உண்மையில் அது ஒற்றை மழைத்துளியிலேயே தொடங்குகிறது. உயரத்திலிருந்து விழும் துளி, வெறுந்தரையில் மோதும்பொழுது ஒரு சிறு சம்மட்டியைப் போல மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் நாற்புறமும் தெறிக்கின்றன. மழை ஓய்ந்தபின் வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியில் ஒரு முழ உயரத்திற்கு மண்புள்ளிகள் தெறித்திருப்பதை எவரும் கண்டிருக்கலாம். தெறித்த துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, நீர் உள்ளே இறங்க இயலாமல் மேலே வழிந்து ஓடுகிறது.

அவ்வாறு ஓடும் நீர், முதலில் நிலப்பரப்பின் மேல் ஒரு மெல்லிய படலத்தைச் சீவிச் செல்கிறது. இது படல அரிப்பு எனப்படும். கண்ணுக்கு எளிதில் தெரியாத காரணத்தால் இதுவே மிகவும் தீங்கானது. நீர் ஒன்றுசேர்ந்து ஓடத் தொடங்கியதும் விரல் அளவான சிறு வாய்க்கால்கள் தோன்றுகின்றன. இது ஓடை அரிப்பு. அவற்றைக் கவனியாது விட்டால் அவை அகன்றும் ஆழ்ந்தும், ஏர் செல்லாத பள்ளங்களாகிவிடும். விரலளவாக இருக்கும்போது ஒரு கூடை மண்ணாலும் ஒரு வரப்பாலும் தடுக்கக் கூடியதை, பள்ளமாகிவிட்ட பின்னர்ப் பெரும் பொருட்செலவாலும் தடுத்தல் அரிதாகும்.

நீரைப் போன்றே காற்றும் மண்ணைக் கொண்டுசெல்லும். தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் செம்மணல் மேடு மேடாகக் கிடப்பது காற்றின் செயலே. அமெரிக்க நாட்டில் 1930களில் நேர்ந்த கேடு உலகிற்கே பாடமாயிற்று. அந்நாட்டின் பெருஞ்சமவெளிகளில் காலங்காலமாக இருந்த புல்வெளியை உழுது கோதுமை விதைத்தனர். மழை பொய்த்தது, பயிர் கருகியது, மண்ணைப் பிடித்து நிறுத்தும் புல்வேரோ முன்னரே அழிந்திருந்தது. காற்று அம்மண்ணைப் புழுதிப் புயலாகக் கிளப்பியது. பல்லாயிரம் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. நெடுந்தொலைவிலிருந்த தலைநகராகிய வாஷிங்டனின் வானத்தையும் அப்புழுதி மறைத்தது. 1935 ஆம் ஆண்டில் அந்நாடு மண் காப்பிற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

மண்ணை நிறுத்தும் வழிகள்

மண்ணைக் காக்கும் வழிகள் பல. அவை அனைத்தும் இரண்டு கருத்துகளில் அடங்கும். மழைத்துளி மண்ணை நேராகத் தாக்காதபடி அதற்கு ஒரு போர்வை இடுதல் ஒன்று. ஓடும் நீரை நடக்கச் செய்தல், நடக்கும் நீரை நிற்கச் செய்தல் மற்றொன்று.

போர்வைகளுள் சிறந்தது செடியும் கொடியும் புல்லுமே. இலைகள் துளியின் வேகத்தைத் தாங்குகின்றன. சருகுகள் நீரை ஈர்த்து வைக்கின்றன. வேர்கள் மண்ணை வலைபோலப் பின்னி நிறுத்துகின்றன. நிலத்தை வெறுமையாக விடாது அறுவடைக்குப் பின் பயறு வகைகளை விதைப்பதும், தாளையும் தழையையும் நிலத்தின்மேல் பரப்பி மூடாக்கு இடுவதும் இக்காரணம் பற்றியே.

புல்வகைகளுள் வெட்டிவேருக்குத் தனிச்சிறப்பு உண்டு. உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் இதன் பெயர் தமிழ்ச்சொல்லிலிருந்தே பிறந்தது. விசிறிக்கும் தட்டிக்கும் நறுமணத்திற்கும் பயன்படும் இதன் வேர், பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டர் ஆழம் வரையிலும் நேராகக் கீழே இறங்கும். நெருக்கமாக வரிசையில் நட்டால் மேலே உயிர்வேலியாகவும், கீழே வேர்ச்சுவராகவும் அது நிற்கும். நீர் அவ்வேலியின் ஊடே கசிந்து செல்லும். மண் வேலியின் முன்னே தங்கிவிடும். மைசூர்ப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாகவே தங்கள் நிலத்தின் எல்லையில் இதனை நட்டு வந்தனர். 1980களில் உலக வங்கியின் வேளாண் அறிஞர்கள் இம்முறையின் பயனை உணர்ந்து பிற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றனர்.

சரிவான நிலத்தில் மேலிருந்து கீழாக உழுவது நீருக்கு வாய்க்கால் வெட்டித் தருவதாகும். சரிவிற்குக் குறுக்கே, ஒரே உயரத்தைத் தொடர்ந்து உழுதால் ஒவ்வொரு படைச்சாலும் ஒரு சிறு அணையாகிவிடும். மலைச்சரிவுகளில் நிலத்தைப் படிப்படியாக வெட்டி, உள்நோக்கிச் சாயுமாறு அமைத்துப் பயிரிடுவர். நீலகிரியில் உருளைக்கிழங்கு விளையும் சரிவுகளில் இத்தகைய படிவயல்களைக் காணலாம். அம்மலையிலுள்ள உதகமண்டலத்தில் 1954 ஆம் ஆண்டு முதல் மண், நீர்க் காப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது.

சமவெளித் தமிழகத்தில் முன்னோர் கண்ட பெருங்காப்பு ஏரியாகும். ஏரி நீரைத் தேக்குவதற்கு மட்டும் அமைந்ததன்று. மண்ணைத் தேக்குவதற்கும் அமைந்ததாகும். மேட்டிலிருந்து அரித்து வந்த வண்டல் ஏரியின் அடியில் படியும். கோடையில் ஏரி வற்றியதும் உழவர்கள் அவ்வண்டலை வண்டியில் ஏற்றித் தம் வயலுக்கே கொண்டுசெல்வர். போன மண் வீட்டிற்குத் திரும்பும், ஏரியும் ஆழமாகும். ஊரார் கூடி வாய்க்கால் செப்பனிடுதல், கரையை உயர்த்துதல் முதலிய பணிகளைச் செய்வது குடிமராமத்து எனப்பட்டது. தமிழக அரசு 2017 ஆம் ஆண்டில் அப்பழம் பெயரிலேயே ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

மகப்பேறு என்னும் சொல்லே முகப்பேர் எனத் திரிந்தது என்று அவ்வூரார் கூறுவர். ஊரிலுள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலோடு அப்பெயரை இணைத்துப் பேசுவதும் உண்டு. வயல் சூழ்ந்த சிற்றூராக இருந்த அவ்விடம், 1980களில் உலக வங்கியின் உதவியோடு நிறைவேறிய வீட்டுமனைத் திட்டத்தால் நகர்ப்பகுதியாக மாறியது. 2011 ஆம் ஆண்டில் அப்பகுதி சென்னை மாநகராட்சியின் விரிந்த எல்லைக்குள் அடங்கியது. வயல் இருந்தபோது ஒவ்வொரு வரப்பும் மழைநீரை நிறுத்தியது. வரப்புகள் மறைந்து சாலைகள் வந்தபின் நீருக்கு நிற்க இடமில்லை. இந்நிலையில் நகரத்து மண் காப்பு என்பது புதிய பாடமாகிறது. கட்டடம் எழுப்புவோர் குவித்த மண்ணைப் போர்த்தி வைத்தல், வெற்று மனையில் புல்லை முளைக்க விடுதல், மரத்தின் அடியைச் சிமெண்டால் மூடாதிருத்தல், மழைநீரைத் தொட்டியிலும் கிணற்றிலும் இறங்கச் செய்தல், ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் வெட்டிவேர் நடுதல் ஆகியன அப்பாடத்தின் முதற்படிகள்.

கரையோரம் ஓடும் மணலாறு

முகப்பேரின் மழைநீரோடு கடற்கரையை அடைந்தால் ஆங்கு ஒரு புதுமை காணப்படும். கூவம் கடலில் கலக்கும் வாயிலின் குறுக்கே மணல்மேடு எழுந்து, ஆற்றின் வழியை அடைத்து நிற்கும். அம்மணலை அகற்றினாலும் அது மீண்டும் வந்து சேரும். இம்மணல் முழுவதையும் கூவம் கொண்டுவரவில்லை; கடலே கொண்டுவருகிறது.

கடல் அலைகள் எப்பொழுதும் கரையை நேராகத் தாக்குவதில்லை. பெரும்பாலும் சாய்வாகவே வருகின்றன. சாய்வாக ஏறும் அலை, மணலையும் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவைப் பற்றி நேராகக் கீழே இறங்குகிறது. ஏறுவது சாய்வு, இறங்குவது நேர் என்பதனால், ஒவ்வோர் அலைக்கும் மணல்துகள் கரையோரமாக ஓர் அடி நகர்ந்துவிடுகிறது. இவ்வாறு இரவும் பகலும் கரையை ஒட்டி ஒரு மணலாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வடக்கு நோக்கி ஓடும். வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி ஓடும். வடக்கு நோக்கி ஓடும் மாதங்களே மிகுதி. ஆதலின் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பெருமளவு மணல் வடதிசைக்கே சென்றிருக்கும்.

இவ்வுண்மையை அறியாமையால் நேர்ந்த பயன்களுக்குச் சென்னைத் துறைமுகமே சான்றாக நிற்கிறது. பழங்காலச் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, மக்களும் பொருள்களும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். 1876 ஆம் ஆண்டில் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டித் துறைமுகம் கட்டும் பணி தொடங்கியது. 1881 ஆம் ஆண்டுப் புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன.

சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் வடக்கே ஓடிய மணலாறு அணையிடப்பட்டதாயிற்று. தெற்கேயிருந்து வந்த மணல் சுவரின் தென்புறத்தில் தேங்கியது. ஒரு காலத்தில் கோட்டை மதிலுக்கு அருகிலேயே அலையடித்த கடல், ஆண்டுக்கு ஆண்டு விலகிச் சென்றது. இன்று மக்கள் மாலையில் உலாவி மகிழும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பெரும்பாலும் அவ்வாறு சேர்ந்ததேயாகும். மணல் துறைமுகத்தையும் விடவில்லை. கிழக்கு நோக்கி அமைந்த அதன் வாயிலையே தூர்க்கத் தொடங்கியது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகக் கழகத்தின் தலைவராயிருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அவ்வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார். கணித மேதை இராமானுசன் 1912 ஆம் ஆண்டில் எழுத்தராகப் பணியேற்றது இவர் தலைமையிலிருந்த அலுவலகத்திலேயே ஆகும்.

தென்கரை பெற்றதனை வடகரை இழந்தது. மணல் வரவு நின்றபோதும் அலைகள் தம் வேலையை நிறுத்தவில்லை. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலும் அதற்கு அப்பாலும் கடல் பல நூறு மீட்டர் உட்புகுந்தது. மீனவர்தம் வீடுகளும் தெருக்களும் நீருள் மறைந்தன. கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளி இல்லாமற் போயிற்று. ஒரே சுவர், ஒரே கடல். தெற்கே உலாவும் இடம், வடக்கே ஊரிழந்த துயரம். மெரினாவில் மகிழ்ந்து நடப்போர் இக்கணக்கின் மறுபக்கத்தையும் எண்ணுதல் வேண்டும்.

கரை காக்கும் முறைகள்

இத்துயர் சென்னைக்கு மட்டும் உரியதன்று. தரங்கம்பாடியில் 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது. தமிழகக் கரையில் அப்பங்கு ஐந்தில் இரண்டிற்கும் மேற்பட்டது.

கரையைக் காக்கப் பலரும் முதலில் நாடுவது கல்லையே. பெரும் பாறைகளை அடுக்கிச் சுவர் எழுப்பினால், அதன் பின்னே உள்ள சாலையும் வீடும் உடனே காப்படைகின்றன. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைச் சூழ்ந்து பாறைகளை இட்டதும், சவுக்குத் தோப்பு வளர்த்ததும் இத்தகைய காப்பே. ஆயினும் கற்சுவருக்கு ஒரு குறையுண்டு. சுவரில் மோதிய அலை வலிமை குன்றாது திரும்பி, சுவரின் அடியிலுள்ள மணலைத் தோண்டிவிடும். சாலை நிற்கும், மணற்கரை நிற்காது. பாறைகளும் சிறிது சிறிதாகப் புதைந்து, மீண்டும் மீண்டும் கல் கொட்ட வேண்டியதாகும்.

கரையிலிருந்து கடலுக்குள் குறுக்காக நீட்டும் குறுஞ்சுவர்கள் மற்றொரு முறை. இவற்றைத் தூண்டில் வளைவு என்று மக்கள் வழங்குவர். இரு சுவர்களுக்கு இடையே மணல் தங்கிச் சிறு கரை உண்டாகும். வடசென்னைக் கரையில் இத்தகைய சுவர்கள் தொடராக அமைக்கப்பட்டபின், சில இடங்களில் மணல் மீண்டும் சேர்ந்தது. எனினும் இச்சுவர்கள் மணலைப் படைப்பன அல்ல. வழியில் செல்வதைப் பிடித்து வைப்பனவே. ஆதலின் தொடரின் கடைசிச் சுவருக்கு வடக்கே உள்ள ஊருக்கு அரிப்பு இடம்மாறிச் செல்லும். ஓர் ஊரைக் காக்கும்போது அடுத்த ஊரின் நிலை யாது என்று கேளாமல் அமைக்கும் காப்பு முழுமையான காப்பு ஆகாது.

இதனை உணர்ந்த பொறியாளர்கள் மணலைத் தடுப்பதை விட்டு, மணலைக் கொடுக்கும் முறையை மேற்கொண்டனர். விசாகப்பட்டினத்தில் துறைமுகச் சுவரினருகே மணல் விழுவதற்கென ஒரு பள்ளம் அமைத்து, அங்கே சேரும் மணலை வாரி வடபுறக் கடற்கரைக்கு அனுப்பி வருகின்றனர். சுவரால் நின்ற பயணத்தை மனிதன் தன் கருவிகளால் தொடரச் செய்கிறான். நெதர்லாந்து நாட்டில் 2011 ஆம் ஆண்டில் கரையின் ஓரிடத்தில் 2 கோடி கனமீட்டருக்கு மேற்பட்ட மணலைக் குவித்து, அதனைப் பல ஆண்டுகளில் கரையெங்கும் பரப்பும் வேலையைக் காற்றுக்கும் அலைக்குமே விட்டுவிட்டனர். புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரின் மணற்கரை மறைந்து கற்கரையே எஞ்சியது. ஆங்கே 2018 ஆம் ஆண்டில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார், அலையின் வேகத்தைக் கரைக்கு முன்னரே தணிக்கும் செயற்கைத் திட்டு ஒன்றைக் கடலுள் அமைத்தனர். நெடுங்காலம் கல்லையே கண்டிருந்த கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் படிந்தது.

கல்லும் இரும்பும் செய்யும் பணியைச் செலவின்றிச் செய்பவை கரையோரத் தாவரங்கள். ஊதாப் பூப்பூக்கும் அடும்பங்கொடி மணல்மேட்டின்மேல் படர்ந்து அதனைப் பிணிக்கிறது. முள்போன்ற இலைகளையுடைய இராவணன் மீசை என்னும் புல், காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேட்டை வளர்க்கிறது. இவ்வாறு வளர்ந்த மணல்மேடு கரையின் சேமிப்பு நிதியாகும். புயற்காலத்தில் அலை அந்நிதியிலிருந்து மணலை எடுத்துச் செல்லும். அமைதிக் காலத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். மேட்டைச் சமன் செய்து கட்டடம் எழுப்புவோர் அந்நிதியை அழித்தவராவர். கழிமுகங்களில் வளரும் சதுப்புநிலக் காடுகளுக்குத் தமிழர் இட்ட பெயர் அலையாத்தி என்பது. பெயருக்கேற்ப அவை அலையை ஆற்றுகின்றன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்தை ஒட்டி, அலையாத்திக் காட்டின் பின்னே இருந்த சிற்றூர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்பதை ஆய்வாளர் கண்டறிந்து எழுதினர். கடற்கரையோரக் கட்டடங்களை ஒழுங்குபடுத்த இந்திய அரசு 1991 ஆம் ஆண்டில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. பின்னர் அது திருத்தியமைக்கப்பட்டது.

நிற்க வேண்டுவதும் செல்ல வேண்டுவதும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். நிலத்திலே மண்ணை ஓடவிடாது தடுக்க வேண்டும் என்றும், கடற்கரையிலே மணலை ஓடவிட வேண்டும் என்றும் கூறுவது முரண் அன்றோ? ஆறு கொண்டுவரும் மணலால்தானே கரை வளர்கிறது? ஆற்றில் வருவதையெல்லாம் தடுத்துவிட்டால் கரைக்கு மணல் ஏது?

இவ்வையத்திற்கு விடை, மண்ணையும் மணலையும் வேறுபிரித்து அறிவதில் இருக்கிறது. வயலின் மேல்மண் நுண்மையானது; சத்துள்ளது. அது கடலை அடைந்தால் ஆழத்தில் படிந்து வீணாகுமேயன்றிக் கரையைக் கட்டாது. கரையைக் கட்டுவது பருமணலே. அது பாறையிலிருந்து பிறந்து, ஆற்றின் படுகையில் உருண்டு, கடலை நோக்கி மெல்லச் செல்வது. அணைகள் அம்மணலை மறித்துவிட்டன. எஞ்சியதையும் கட்டடத்திற்கென அளவின்றி அள்ளினால், ஆறு வெறுங்கையோடு கடலுக்குச் செல்லும். அலை தனக்கு வரவேண்டிய பங்கைக் கரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆற்றுமணல் அள்ளுதலுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று அறிஞர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. சுருங்கச் சொன்னால், மண்ணை அது பிறந்த இடத்தில் நிறுத்துதல் வேண்டும். மணலை அது செல்லும் வழியில் விடுதல் வேண்டும்.

இவ்விரு கடமைகளும் அரசுக்கும் பொறியாளருக்கும் மட்டும் உரியன என்று எண்ணுதல் தவறு. துறைமுகத்தை எங்கே அமைப்பது என்பதை மாணவர் முடிவு செய்ய இயலாது. ஆனால் தம் வீட்டின் முன்னுள்ள ஒரு முழ நிலம் வெறுமையாக இருப்பதா, புல் போர்த்தியிருப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யலாம். முகப்பேரின் ஒரு தெருவிலுள்ள பிள்ளைகள் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளட்டும். புல் நிறைந்த இடத்திலிருந்து வழியும் மழைநீரை ஒன்றிலும், வெறுந்தரையிலிருந்து வழியும் நீரை மற்றொன்றிலும் நிரப்பி அருகருகே வைக்கட்டும். நூல்கள் பல பக்கங்களில் கூறுவதனை அவ்விரு குவளைகளும் ஒரு நாழிகையில் கூறிவிடும்.

அடுத்த ஐப்பசியில் மழை வரும். வடிகால் மீண்டும் நிரம்பும். அந்நீர் முன்னைவிடச் சிறிது தெளிந்து ஓடுமானால், அத்தெருவின் மண் அத்தெருவிலேயே தங்கியது என்பது பொருள். மண்ணைக் காத்தவர் யார் என்பதற்கு அந்நீரின் நிறமே சான்று பகரும்.